முடியாத ஆண்டின் உற்பத்தி

புள்ளிவிவர அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கும் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கும் நடுவே, நாட்டின் மொத்த உற்பத்தி உட்கார்ந்திருந்தது. ஒரு மேசை, ஒரு கணினி, கால் ஆடும் ஒரு நாற்காலி, அதில் ஓர் ஆள். ஊரெல்லாம் வருஷம் பூராவும் உழுததும் உருக்கியதும் தைத்ததும் முடி வெட்டியதும் கடைசியில் இந்த ஆளின் கைக்கு வந்து, ஒரே ஓர் எண்ணாக வெளியே போகும். அவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கிறவருடைய நாற்காலிக்கு ஒரு திருகாணி வாங்கித் தர மட்டும் அந்த மொத்த உற்பத்தியில் இடமில்லை.

அலுவலகத்தில் அவருக்கு அடிக்குறிப்பார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. எந்த எண்ணை எழுதினாலும் அதன் தலையில் ஒரு நட்சத்திரத்தை வைத்து, பக்கத்தின் அடியில் இரண்டு வரி விளக்கம் எழுதாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கேன்டீன் டீயைக் குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்று சொன்னாலும், கூடவே "நேத்து டீயோட பாத்தா" என்று சேர்த்துக்கொள்வார். அவருடைய கல்யாண நாள் வாழ்த்துக்குக்கூட ஏதாவது நிபந்தனை இருக்கும் என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். இருந்ததோ இல்லையோ, அவர் மனைவி மறுத்ததில்லை.

வருஷா வருஷம் தை மாதக் குளிரோடு உலக அமைப்பிலிருந்து ஒரு படிவம் வரும். 'முடிந்த ஆண்டில் உங்கள் நாட்டின் மொத்த உற்பத்தி எவ்வளவு?' என்று மரியாதையாகக் கேட்கும். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அந்த நாட்டில் நிதியாண்டு என்பது காலண்டர் பாதி கிழிந்த பிறகுதான் பிறக்கும். அடுத்த காலண்டரில் பாதி கிழியும்வரை உயிரோடிருக்கும். பிறந்த வருஷத்தின் பெயரையே அதற்கு வைத்துவிடுவார்கள். ஆக, உலகத்துக்கு முடிந்துபோன வருஷம் இவர்களுக்குப் பாதிதான் ஆகியிருக்கும். மீதிப் பாதியில் யாரும் இன்னும் எதையும் உற்பத்தி செய்திருக்கவில்லை. செய்யவேண்டியவர்களில் பலர் வேலைக்கே கிளம்பியிருக்கவில்லை.

அதற்கு நிதி அமைச்சகம் கைகொடுக்கும். அங்கே முன்கணிப்பு என்று ஒன்று தயாராக இருக்கும். அது எப்படித் தயாராகிறது என்பதை அடிக்குறிப்பார் ஒருமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறார். ஏதோ ஒரு கட்டடத் திறப்பில் அமைச்சர் மைக்கைப் பிடித்து, "இந்த வருஷம் ஏழு சதவீதம் வளர்வோம்" என்றார். கைதட்டல் எழுந்தது. ஆறு என்றிருந்தால் அவ்வளவு எழுந்திருக்காது. மறுநாள் காலையில் நிபுணர்கள் கூடி, ஏழுக்குப் போய்ச் சேரும் வழியைத் தேடத் தொடங்கினார்கள். சாயங்காலத்துக்குள் மூன்று வழி கிடைத்தது.

அந்த எண்ணைத்தான் அடிக்குறிப்பார் படிவத்தில் எழுதுவார். எழுதி, தலையில் நட்சத்திரம் வைத்து, அடியில் 'நிதியாண்டு முன்கணிப்பு. ஆண்டு இன்னும் முடியவில்லை' என்று போடுவார். உலக அமைப்பில் யாரோ ஒரு புண்ணியவான் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு எண்ணைத் தனியாக ஒதுக்கிவைப்பார். வருஷம் முடிந்து உண்மை எண் போனதும் அதை மாற்றிக்கொள்வார். யாருக்கும் சேதமில்லாமல் இது ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் படிவம் கணினிக்குள் வந்துவிட்டது. காகிதமில்லை, பேனா இல்லை, நட்சத்திரம் வைக்க இடமுமில்லை. எண்ணை அடித்தால் பக்கத்தில் ஒரு பெட்டி திறந்து மூன்று சொற்களைக் காட்டியது: உறுதியானது, தற்காலிகமானது, முன்கணிப்பு. ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அது மேலே நகரும்.

அடிக்குறிப்பார் யோசிக்காமல் 'முன்கணிப்பு' என்பதைத் தொட்டார். உடனே ஒரு புதுப் பக்கம் விரிந்தது. அதில் பதினோரு கேள்விகள். 'முன்கணிப்பு எந்த முறையில் செய்யப்பட்டது?' என்பது முதல் கேள்வி. 'கடந்த ஐந்து ஆண்டுகளில் முன்கணிப்புக்கும் உண்மைக்கும் இருந்த வேறுபாட்டை விளக்குக' என்பது இரண்டாவது. அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டவர்போல் பின்வாங்கினார்.

அப்போது இயக்குநர் அந்த வழியாக வந்தார். சாயங்காலம் அவருக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தது. கையில் கார்ச் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன அடிக்குறிப்பாரே, அனுப்பியாச்சா? இன்னிக்குத்தான் கடைசி."

"முன்கணிப்புன்னு போட்டா பதினோரு கேள்வி கேக்குது சார்."

"தற்காலிகம்னு போட்டா?"

"ஆறு கேள்வி."

"உறுதியானதுன்னு போட்டா?"

"ஒரு கேள்வியும் இல்ல சார். நேரா போயிடுது."

"பாருங்க, அவங்களே வழி காட்டறாங்க. நாமதான் புரிஞ்சுக்க மாட்டேங்கறோம்."

"ஆனா வருஷம் இன்னும் பாதி பாக்கி இருக்கே சார்."

இயக்குநர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கினார். உத்தரவும் இல்லை, மறுப்பும் இல்லை. பின்னால் விசாரணை என்று வந்தால் எந்தப் பக்கமும் சாயாத சொல் அது. அவர் இயக்குநரானதே அந்தச் சொல்லைப் பிடித்து ஏறித்தான்.

அடிக்குறிப்பார் தனியாக உட்கார்ந்திருந்தார். பதினோரு கேள்விக்கும் பதில் அவருக்குத் தெரியும். அதுதான் சங்கடம். தெரியாதென்றால் நிபுணர்களைப்போல நாலு பக்கம் எழுதித் தள்ளியிருக்கலாம். வீட்டில் மின்விசிறி நின்றுபோயிருந்தது. கடை சாத்துவதற்குள் வாங்கிக்கொண்டு வரச் சொல்லி மனைவி காலையில் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அவர் 'உறுதியானது' என்பதைத் தொட்டார். திரையில் பச்சை எழுத்தில் 'நன்றி' என்று வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அடிக்குறிப்பு இல்லாமல் ஓர் எண்ணை வெளியே அனுப்பிவிட்டு, அவர் மின்விசிறி வாங்கப் போனார்.

அவர் மனைவி ஊருக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். குளிர்தேசங்களில் இரும்பு தூக்குகிறவர்களும் மரம் அறுக்கிறவர்களும் போட்டுக்கொள்ளும் தடித்த தோல் கையுறை. மூன்றாவது தையல் வரிசைக்கு அவள்தான் மேற்பார்வை, நாற்பது பெண்கள். அவர்கள் அவளை லைனக்கா என்றார்கள். கட்டைவிரல் மடிப்பில் தையல் ஒரு நூல் விலகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. திட்டுவாள். திட்டிவிட்டு, அந்தப் பெண்ணின் இடத்தில் உட்கார்ந்து பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டும் போவாள். இருபது வயதில் நூல் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். அந்த வரிசையைத் தன் வீட்டுக் கூடம்போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கையுறைகள் போகிற நாட்டில் அவற்றுக்குச் சுங்கவரி கிடையாது. தர்மம்தான். ஏழை நாடுகள் என்று உலக அமைப்பு, தனக்கு வரும் எண்களை வைத்துப் போடுகிற ஒரு பட்டியல் உண்டு. தலைக்கு இவ்வளவு வருமானம் என்ற கோட்டுக்குக் கீழே இருந்தால் வரி இல்லை, மேலே போனால் உண்டு. அந்த வரி இல்லாததால்தான் முதலாளிக்கு லாபம் மிஞ்சியது, நாற்பது பெண்களுக்கும் நாற்காலி நிலைத்தது. ஏழை என்கிற பெயரை வைத்து நாலு பேர் சாப்பிட முடிந்த ஒரே இடம் அதுதான்.

காலண்டர் பாதி கிழிந்த சமயத்தில் உலக அமைப்பு புதுப் பட்டியல் வெளியிட்டது. நாடு கோட்டைத் தாண்டிவிட்டது. தலைக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் வாங்குகிற அளவுக்குத்தான் தாண்டியிருந்தது என்றாலும், தாண்டியது தாண்டியதுதானே. தெருவெங்கும் 'உயர்ந்துவிட்டோம்' என்று பதாகை கட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கொடியசைக்க விட்டார்கள். பேண்டு வாத்தியம் வந்தது. அமைச்சர், இந்த உயரத்துக்கு ஏற உழைத்த மக்களுக்கு நன்றி சொன்னார். எந்த மக்கள், எதில் ஏறினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. புள்ளிவிவர அலுவலகத்துக்கு ஒரு பித்தளைக் கேடயம் கிடைத்தது. இயக்குநர் அதை நாற்காலிக்குப் பின்னால் மாட்டி, அதன் கீழே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். அடிக்குறிப்பாரையும் பக்கத்தில் நிற்கக் கூப்பிட்டார்கள்; அவர் வரவில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தார்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் மனைவி வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியிலிருந்து வந்தவுடன் கால் கழுவாமல் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.

"நாம பணக்காரங்களாயிட்டோமாம். கேள்விப்பட்டீங்களா?" என்றாள்.

"பேப்பர்ல வந்திருந்தது."

"எனக்கு மேனேஜர் சொல்லித்தான் தெரியும். வாங்கற கம்பெனிலேர்ந்து கடிதாசி வந்திருக்கு. முதல் வரியில வாழ்த்துக்கள்னு போட்டிருக்கான். ரெண்டாவது வரியில, அடுத்த சீசனுக்கு எங்க சரக்கு வேண்டாம்னு போட்டிருக்கான். வரி கட்டி வாங்கினா அவனுக்குக் கட்டுப்படியாகாதாம். மூணாவது லைன மூடறாங்க."

"உன் லைனா?"

"வேற யார் லைன்? நாப்பது பேர்கிட்டயும் நான்தான் சொன்னேன். நாம உயர்ந்துட்டோம்டி, அதனால வேலை இல்லன்னு. ஒருத்தி சிரிச்சுட்டா. நான் ஜோக் அடிக்கறேன்னு நெனச்சுக்கிட்டா." அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். "இந்தக் கணக்க எவன் போட்டான்னு தெரிஞ்சா நேர்ல போய் ரெண்டு வார்த்தை கேக்கணும். நீங்க அங்கதானே இருக்கீங்க. தெரியுமா, எவன்னு?"

அடிக்குறிப்பார் எழுந்து போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்தார். "பெரிய ஆபீஸ். பல பேர் பாக்கறது" என்றார். சொன்ன வாயை அறுத்துப்போட வேண்டும்போல இருந்தது அவருக்கு.

நிதியாண்டு முடிந்ததால் உண்மைக் கணக்குகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆலைகளிலிருந்து வந்தது, துறைமுகத்திலிருந்து வந்தது, வயல்களிலிருந்து கடைசியாக வந்தது. கூட்டிப் பார்த்தார். ஏழு இல்லை, இரண்டும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சமும்கூட அரசாங்கம் தனக்குத்தானே கட்டிக்கொண்ட ஒரு கட்டடம். நாடு கோட்டைத் தாண்டவே இல்லை. போன வருஷம் நின்ற இடத்தில், அதே சட்டையோடு நின்றுகொண்டிருந்தது. தப்பான எண் போயிருந்தால் அந்த மாதக் கடைசிக்குள் திருத்தம் அனுப்பலாம் என்று உலக அமைப்பின் விதியில் இருந்தது. அடிக்குறிப்பார் தாளை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினார்.

இயக்குநர் தாளைப் படிக்கவில்லை. அதன் எடையைப் பார்ப்பவர்போலக் கையில் பிடித்திருந்தார்.

"இப்ப என்ன செய்யணும்ங்கறீங்க?"

"அது முன்கணிப்புன்னு எழுதிடலாம் சார். உண்மை எண் இதுதான்னு அனுப்பிடலாம்."

"நல்லா இருக்கே. அமைச்சர் நன்றி சொல்லிட்டார். மக்கள் நன்றிய வாங்கிக்கிட்டாங்க. இப்பத் திருப்பிக் குடுன்னு கேப்பீங்களா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "எவ்வளவு குறையுது?"

அடிக்குறிப்பார் சொன்னார்.

"இதர சேவைகள்னு ஒரு வரிசை இருக்கில்ல, அதுல போட்டு நிரவுங்க."

"இதர சேவைகள்ல அவ்வளவு பணத்துக்கு யார் சார் சேவை பண்ணாங்க?"

"அதனாலதானே அதுக்கு இதரம்னு பேரு."

அடிக்குறிப்பார் வெட்கத்தை விட்டு, மனைவியின் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னார். நாற்பது பெண்களைப் பற்றியும் சொன்னார். இயக்குநர் பரிவோடு கேட்டுக்கொண்டார். தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தார்.

"பொறுமையா இருங்க. இப்ப இந்த லைன் மூடறாங்களா, அடுத்த வருஷ உற்பத்தி குறையும். இதே மாதிரி இன்னும் பத்துப் பதினைஞ்சு மூடினாங்கன்னா நாம தானா கோட்டுக்குக் கீழ வந்துடுவோம். சலுகையும் தானா திரும்ப வந்துடும். நாம எதையும் திருத்தவே வேண்டாம்." அவருக்கே அந்த யோசனை பிடித்துப்போயிற்று. "அப்புறம் இன்னொண்ணு. அந்தப் படிவத்துல யார் பேரு பதிவாகியிருக்கு?"

"என் பேரு."

"பாத்துப் பண்ணுங்க" என்றார் இயக்குநர்.

வீட்டுக்கு வந்து அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து அவரும் ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடிக்கும்போதே வாயிலிருந்து வந்துவிட்டது. நட்சத்திரம், மூன்று சொல், பதினோரு கேள்வி, பல் டாக்டர், மின்விசிறி.

அவள் மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பதினோரு கேள்விதானா?" என்றாள்.

"ஆமா."

"என் லைன்ல ஒரு பொண்ணு தப்புத் தையல் போட்டா, ஏன் போட்டன்னு பத்து கேள்வி கேப்பேன் நான். அழுதுகிட்டே பதில் சொல்லுவா. சொல்லிட்டுத் திரும்பத் தைப்பா." அவள் எழுந்தாள். "நாளைக்குப் போய் அந்தப் பதினோரு கேள்விக்கும் பதில் எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க."

"வேலை போயிடும்."

"என்னோடது ஏற்கெனவே போயிடுச்சு."

மறுநாள் மதிய இடைவேளையில், எல்லாரும் சாப்பிடப் போனபிறகு, அடிக்குறிப்பார் படிவத்தைத் திறந்தார். 'முன்கணிப்பு' என்பதைத் தொட்டார். கேள்விகள் அதே வரிசையில் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தன. எந்த முறை? 'அமைச்சரின் உரை. கைதட்டலை அடிப்படையாகக் கொண்டது' என்று எழுதினார், அழித்தார், வேறு என்ன எழுதுவதென்று தெரியாமல் அதையே மறுபடி எழுதினார். ஐந்தாண்டு வேறுபாடு? 'ஒவ்வோர் ஆண்டும் முன்கணிப்பே அதிகம். உண்மை ஒருமுறைகூட முந்தவில்லை.' முன்கணிப்பை யார் சரிபார்த்தது? 'யாரும் இல்லை. சரிபார்க்கும் பிரிவு உண்டு, ஆள் இல்லை.' இந்த எண்ணைப் பயன்படுத்துவோர் யார் என்று ஒன்பதாவது கேள்வி கேட்டது. அங்கே அவர் வெகுநேரம் நின்றார். 'ஒருவரும் பயன்படுத்துவதில்லை என்று நினைத்திருந்தேன்' என்று எழுதினார். பதினொன்றையும் முடித்து, உண்மை எண்ணையும் சேர்த்து அனுப்பினார். மறுபடியும் அதே பச்சை எழுத்தில், அதே 'நன்றி' வந்தது. அந்தக் கணினிக்குப் பொய்யும் மெய்யும் ஒரே மரியாதைதான்.

சில வாரங்களில் உலக அமைப்பிலிருந்து பதில் வந்தது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். இவ்வளவு தெளிவான விளக்கத்தை எந்த நாட்டிடமிருந்தும் தாங்கள் பெற்றதில்லை என்று பாராட்டியும் இருந்தார்கள். நாடு கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. பட்டியலில் அது பழைய இடத்துக்கே திரும்பும். எப்போது? தங்களுடைய அடுத்த நிதியாண்டு தொடங்கும்போது. அதுவரை பட்டியலைத் திறக்க விதியில் இடமில்லை. உலக அமைப்புக்கும் ஒரு நிதியாண்டு இருந்தது. இருக்காதா பின்னே?

மனைவியிடம் அந்தப் பதிலை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினார். கடைசி வரிக்கு வந்தபோது குரல் இறங்கிவிட்டது.

"அப்ப நாங்க ஏழைங்கதான்னு ஒத்துக்கிட்டாங்க" என்றாள் அவள்.

"ஒத்துக்கிட்டாங்க."

"ஆனா ஒரு வருஷம் கழிச்சு."

"ஆமா."

"அதுவரைக்கும் நாப்பது பேரும் என்ன செய்யறது, பணக்காரங்களா இருக்கறதா?"

முதலாளி ஒரு வருஷம் காத்திருக்கிறவரில்லை. மூன்றாவது வரிசையின் தையல் இயந்திரங்களைக் கழற்றி, பெட்டியில் அடைத்து, பக்கத்து நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நாட்டிலும் உலக அமைப்பின் படிவம் வருஷா வருஷம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே யாரும் அதைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. எண் எதுவும் வராததால் உலக அமைப்பு அதை ஏழைகள் பட்டியலில் ஆணி அடித்தாற்போல வைத்திருந்தது. உண்மை சொன்னவனும் பொய் சொன்னவனும் இங்கே தவித்துக்கொண்டிருக்க, வாயே திறக்காதவன் வீட்டு வாசலில் இயந்திரங்கள் போய் இறங்கின.

இயந்திரங்களோடு ஓர் ஆளும் வேண்டியிருந்தது. அங்கே புதிதாகச் சேரும் பெண்களுக்குக் கட்டைவிரல் மடிப்பு சொல்லிக்கொடுக்க வேண்டும். மேனேஜர் லைனக்காவைக் கேட்டார். இரண்டு வருஷம். அவள் வீட்டில் வந்து சொன்னாள், கேட்கவில்லை, சொன்னாள்.

"உங்க வேலையும் போயிடும்னு சொல்றீங்க. ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்க முடியாது. அதுவும் இல்லாம..." அவள் நிறுத்தினாள். "அந்த மெஷின் ஒவ்வொண்ணும் எப்ப மக்கர் பண்ணும்னு எனக்குத்தான் தெரியும். வேற யாரோ அதுகிட்ட நிக்கறத என்னால நெனச்சுப் பாக்க முடியல."

"போகாதேன்னு சொன்னா?"

"சொல்லுங்க. கேக்கறதுக்கு நல்லாருக்கும். கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் சொல்லவில்லை. சொல்வதற்குத் தனக்கு என்ன வாய் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவளில்லாத வீட்டை நினைத்தால் பயமாக இருந்தது, அதையும் சொல்லவில்லை.

அவள் கையெழுத்துப் போட்ட மறுவாரம் அடிக்குறிப்பாரை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். வேலைநீக்க உத்தரவை எதிர்பார்த்து, மேசை இழுப்பறையைக் காலி செய்துவிட்டுத்தான் அவர் போனார். ஆனால் அவரை வேலைநீக்கம் செய்தால் ஏன் என்று எழுத வேண்டும்; ஏன் என்று எழுதினால் அமைச்சரின் கைதட்டல்வரை போக வேண்டும். அதனால் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். நிதி அமைச்சகத்தின் முன்கணிப்புப் பிரிவுக்குத் தலைவர். நல்ல அறை, ஆடாத நாற்காலி.

"நான் என்ன சார் முன்கணிக்கறது?" என்று கேட்டார் அடிக்குறிப்பார்.

"அதெல்லாம் அமைச்சர் சொல்லிடுவார்" என்றார் இயக்குநர். கேடயம் அவர் தலைக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

அவள் கிளம்புகிற நாளன்று ஊரில் இரண்டாவது கொண்டாட்டம். நாடு அடுத்த வருஷம் ஏழைகள் பட்டியலுக்குத் திரும்பப்போவது அதற்குள் அமைச்சருக்குத் தெரிந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வதென்று நிபுணர்கள் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்ததில், 'மீண்டும் தகுதி பெற்றோம்' என்று பதாகை வந்துவிட்டது. கட்டுவதற்குப் பழைய கம்பங்களே போதுமாக இருந்தன. அதே பேண்டு, அதே பிள்ளைகள், அதே வெயில். உலகச் சந்தையின் கதவைத் திறந்துவிட்டதாக அமைச்சர் பேசினார். கைதட்டல் போன தடவையைவிடக் கூடுதல் என்றே சொல்லவேண்டும்.

ஊர்வலத்தால் சாலையை அடைத்துவிட்டார்கள். ஆட்டோ பாதியில் நின்றுவிட்டது. அடிக்குறிப்பார் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பேண்டுக்காரர்களின் நடுவே புகுந்து, கொடியாட்டுகிற பிள்ளைகளை விலக்கி, இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். பேசினால் ஒருவருக்கொருவர் கேட்காது. அது ஒருவகையில் வசதியாக இருந்தது.

எல்லையைத் தாண்டும் பஸ் கடைசி மேடையில் நின்றிருந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் கீழே இறங்கி நின்றார். அவள் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. எப்போது என்று தெரியவில்லை.

"ஒரு சந்தேகம்" என்றாள். "அங்க போய் நான் தைக்கற கையுறை எந்த நாட்டுக் கணக்குல வரும்?"

"அந்த நாட்டு உற்பத்தியில."

"அவங்கதான் கணக்கே குடுக்கறதில்லையே."

"ஆமா."

"சரி, மாசா மாசம் உங்களுக்கு அனுப்பப்போற பணம்? அது நம்ம உற்பத்தியில வருமா?"

அவருக்குப் பொய் சொல்லிவிடலாமா என்று இருந்தது. ஒரு சின்னப் பொய். கேள்வி எதுவும் கேட்காமல் நேராகப் போய்விடும்.

"வராது. வெளிநாட்டுலேர்ந்து வர்ற பணம் உற்பத்தியில சேராது."

ஓட்டுநர் இன்ஜினைப் போட்டார். பஸ் உடம்பைக் குலுக்கிக்கொண்டது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அப்ப உங்க கணக்குல நான் எங்கதாங்க இருக்கேன்?"

இத்தனை வருஷம் நிரப்பிய அட்டவணை முழுவதையும் மேலிருந்து கீழ்வரை அவர் மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். வேளாண்மை, சுரங்கம், ஆலை, கட்டடம், வாணிபம், இதரம். எந்த வரிசையிலும் அவளை வைக்க இடமில்லை.

"எங்கயும் இல்ல" என்றார்.

அவள் தலையாட்டினாள். பஸ் நகர்ந்தது. அவர் அதன் பக்கத்திலேயே கொஞ்சதூரம் நடந்தார், பிறகு ஓடினார், பிறகு மேடை முடிந்துவிட்டது.